மிச்சக் காற்று யாருக்கு?

குகைக்குள்ள இருக்கிற நன்னீர் ஊற்றில் சுழியோடுறவர்களைப் பற்றிக் கதை வந்தாலே "விசர் வேலை" எண்டு முடித்துவிடுகிறோம். எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடில்லை.

அமெரிக்காவின் வட புளோரிடாவை எடுங்கோ. சுண்ணக்கல் நிலம். தண்ணீர் கல்லைக் கரைத்து உண்டாக்கிய குகைகளுக்குள்ளால்தான் அங்கத்தைய ஊற்றுகள் பொங்கி வருகின்றன. ஜின்னி ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில் தண்ணீர் வருடம் முழுக்க 22 பாகை செல்சியஸ் அளவில், கண்ணாடி மாதிரி இருக்கும். அந்தத் தெளிவுதான் ஆளை உள்ளே இழுக்கும். உள்ளே போனால் வெளிச்சம் இல்லை. தலைக்கு மேலே கல். நினைத்த இடத்தில் மேலே வர ஏலாது. கால் பட்டு அடிமண் கலங்கினால் பக்கத்தில் நிற்கிறவரையே தெரியாது.

1979 இல் ஷெக் எக்ஸ்லி என்ற சுழியோடி ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். குகைகளில் நடந்த சாவுகளை எடுத்து, எங்கே பிழைத்தது எண்டு பார்த்தார். வாசல் வரைக்கும் தொடர்ச்சியாகக் கயிறு கட்டவில்லை, திரும்பி வரக் காற்று மிச்சம் பிடிக்கவில்லை, அளவுக்கு மிஞ்சி ஆழம் போனார்கள். இந்த மூன்றும்தான் திரும்பத் திரும்ப வந்தன.

காற்றுக்கு ஒரு கணக்கு இருக்கு. சிலிண்டரில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே போக, ஒரு பங்கு வெளியே வர. மூன்றாவது பங்கில் கை வைக்கக்கூடாது. கூட வந்தவருக்குக் காற்று தீர்ந்தால் இரண்டு பேரும் சேர்ந்து வெளியே வர அதுதான் உதவும். முதல் பங்கு முடிந்தால், முன்னுக்கு என்ன அதிசயம் இருந்தாலும் திரும்பத்தான் வேணும். இதுக்குப் பெயர் விசரா?

எக்ஸ்லியும் 1994 இல் மெக்சிக்கோவில் மிக ஆழமான நீர்க்குழி ஒன்றில் இறந்தார். "பார்த்தீங்களா!" எண்டு நீங்கள் கேட்கலாம். ஆனால் அவருடைய சாவையும் சகாக்கள் அதே மாதிரித்தான் ஆராய்ந்தார்கள்.

எங்கட பக்கம் குளத்திலோ அருவியிலோ ஒரு பெடியன் தாண்டுபோனால் "அவன்ர விதி" என்போம், இல்லாட்டி "குடிச்சிட்டு இறங்கியிருப்பான்" என்போம். இரண்டும் அடுத்த பெடியனைக் காப்பாற்றாது. எந்த இடத்தில் ஆழம், கரையில் ஒரு கயிறாவது இருந்ததா, நீந்தத் தெரிந்தவர் எத்தனை பேர் எண்டு ஒருத்தரும் கேட்டு எழுதி வைக்கிறதில்லை.

புளோரிடாவில் குகை வாசலில் எமன் மாதிரி ஒரு உருவத்தைப் போட்டு, பயிற்சி இல்லாதவர்கள் இதோடு திரும்புங்கோ எண்டு தண்ணீருக்குள்ளேயே பலகை வைத்திருக்கிறார்கள். நாங்கள் சாவுக்குப் பிறகு சந்தியில் கண்ணீர் அஞ்சலி பனர் கட்டுகிறோம். அந்தக் காசில் முதலே ஒரு பலகையும் ஒரு கயிறும் வாங்கலாம்.