பழுதுபார்த்தவர்களின் பெயர்கள்

வேதவாசிப்பு: நெகேமியா 3ஆம் அதிகாரம்



பாலவாக்கத்திலிருந்து திருவான்மியூர், அடையாறு, சாந்தோம் கடந்து செல்லும்போது, காமராஜர் சாலையில் கடலை நோக்கி நிற்கும் மாநிலக் கல்லூரியின் சிவந்த கட்டடத்தை நீங்கள் கண்டிருப்பீர்கள். ராபர்ட் சிஷோம் வடிவமைத்த அக்கட்டடம் 1870இல் திறக்கப்பட்டது. சர் சி. வி. இராமன் இக்கல்லூரியில் மாணவராயிருக்கையிலேயே, 1906இல், ஒளியைக் குறித்த தம் முதல் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். சுப்பிரமணியன் சந்திரசேகரும் இங்கே இயற்பியல் பயின்றவர். நோபல் பரிசு பெற்ற இவ்விருவரின் பெயர்களையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். அது நியாயமே.

ஆனால் ஒன்றைச் சிந்தியுங்கள். கடலுக்கு எதிரே ஒரு கட்டடம் 150 ஆண்டுகளுக்கு மேலாகத் தானாய் நிற்பதில்லை. உப்புக்காற்று இரும்பை அரிக்கும், பூச்சை உதிர்க்கும். கைப்பிடிச் சுவரின் விரிசலில் முளைக்கும் அரசங்கன்றைச் சிறிதாயிருக்கையிலேயே வேரோடு எடுக்காவிட்டால், அது சுவரையே பிளந்துவிடும். ஐப்பசி மழைக்கு முன்னே மொட்டைமாடியில் ஏறி, மழைநீர்க் குழாய்களை அடைத்திருக்கும் சருகை ஒருவர் அள்ளவேண்டும். பழைய சுண்ணாம்புச் சுவரில் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளே தங்கிச் செங்கல் சிதையும் என்றறிந்த கொத்தனார் வேண்டும். ஆய்வகத்தில் குடுவைகளைக் கழுவி, அமிலம் சிந்திய மேசையைத் துடைத்து, மாலையில் எரிவாயுவை அடைத்துச் செல்லும் உதவியாளர் வேண்டும். இவர்கள் வேலை செவ்வையாய் நடக்கும்வரை யாரும் அவர்களை நினைப்பதில்லை.

நெகேமியா மூன்றாம் அதிகாரத்தை வெறும் பெயர்ப்பட்டியல் என்று நம்மில் பலர் தாண்டிச் செல்கிறோம். எருசலேமின் அலங்கத்தைப் பழுதுபார்த்தவர்களின் பட்டியல் அது. தட்டாரும் தைலக்காரரும் அதில் உண்டு; சல்லூமின் குமாரத்திகளும் உண்டு. குப்பைமேட்டு வாசலைப் பழுதுபார்த்த மல்கியாவின் பெயர் அவன் தகப்பன் பெயரோடு நிலைத்திருக்கிறது. வேலைக்குக் குனிய மனமில்லாத தெக்கோவாவின் பிரபுக்களோ பெயரின்றிப் போனார்கள். அவர்களுடைய மறுப்பு மாத்திரமே எழுதப்பட்டிருக்கிறது. தேவனுடைய கணக்குப் புத்தகம் நம்முடைய கல்வெட்டுகளைப் போன்றதல்ல.

ஆகவே, பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கவேண்டும் என்று பேசுகிற நாம், அவற்றைக் காக்கிற கைகளுக்கு நிலையான வேலையும் காலத்தில் கூலியும் கேட்கவேண்டும் என்பதே என் கருத்து. கூலி நிறுத்தப்படும்போது எழும் கூக்குரல் கர்த்தருடைய செவிக்கு எட்டும் என்று யாக்கோபு எச்சரிக்கிறார்.

அந்த எச்சரிப்பு முதலாவது என்மேல் விழுகிறது. நம் ஆலயத்தின் அடிக்கல்லில் உள்ள பெயர்கள் எனக்கு மனப்பாடம். ஆனால் ஞாயிறுதோறும் நமக்கு முன்பே வந்து, கழிவறைகளைச் சுத்தம் செய்து, இருக்கைகளைத் துடைக்கும் சகோதரியின் பெயரைக் கடந்த மாதந்தான் கேட்டறிந்தேன். வெட்கப்பட்டேன். அடுத்த ஆலயக் குழுக் கூட்டத்தில் அவருடைய ஊதியத்தை முதல் பொருளாக வைக்கும்படி செயலரிடம் கேட்டிருக்கிறேன்.

அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. வரும் ஞாயிறன்று சற்று முன்னதாக வாருங்கள். நீங்களே அவரிடம் கேளுங்கள்.

மறைவான உழைப்பைக் காண்கிற பிதாவானவர், நம் கண்களையும் திறந்தருள்வாராக. ஆமென்.