போட்டோத் தொழிலும் சர்வகலாசாலைக் கதவும்

போட்டோ பிடிப்பதைப் பற்றிச் சர்வகலாசாலையில் படிக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் நம்மில் அநேகர் இருக்கிறார்கள். செல்போனைக் கையில் கொடுத்தால் ஐந்து வயதுக் குழந்தைகூடப் படம் பிடிக்கிறதே, இதற்கு வாத்தியார் ஒருவரா, பரீட்சை ஒன்றா என்கிறார்கள். பேனா பிடிக்கத் தெரிந்தவனெல்லாம் கிரயப் பத்திரம் எழுதிவிடலாம் என்று சொல்லுவதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. உச்சி வெய்யிலில் பந்தலுக்கு வெளியே நிற்கிற கறுத்த மாப்பிள்ளையையும், வெள்ளைச் சட்டைக்காரர்களான அவன் சிநேகிதர்களையும் ஒரே படத்தில், சட்டையும் வெளிறாமல் முகமும் இருண்டுபோகாமல் பிடித்துக் காட்டச் சொல்லிப் பாருங்கள். அப்போது தெரியும், அதில் படிப்பு இருக்கிறதா இல்லையா என்று.

கறுத்த முகம் என்றவுடன் ஒரு சங்கதி சொல்ல வேண்டியதாயிருக்கிறது. கோடக் கம்பெனியார் கலர் பிலிமைக் கழுவிப் பிரதி எடுக்கும் நிலையங்களுக்கு, நிறம் சரியாக வந்திருக்கிறதா என்று ஒத்துப் பார்க்க ஒரு மாதிரி அட்டை அனுப்பி வந்தார்கள். அந்த அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அவள் முகம் சரியாக வந்தால் உலகத்தார் முகமெல்லாம் சரியாக வந்ததாகக் கணக்கு! நம்மவர்களோ அதற்கும் ஒரு படி மேலே போய், பெண் பார்க்க அனுப்பும் படத்தில் பெண்ணின் முகத்தை வெளுக்க வைத்துக் கொடுத்தால்தான் ஸ்டூடியோக்காரன் கெட்டிக்காரன் என்கிறார்கள். உள்ள நிறத்தை உள்ளபடி, அழகாகக் காட்டுவதற்கு வெளிச்சத்தை எப்படி அமைப்பது என்பது கற்றுக்கொண்டால்தான் வரும். அதைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லாததால்தான் வெளுப்பாக்கும் வித்தை ஊரெங்கும் பரவியிருக்கிறது.

இந்தத் தொழிலுக்கு வேறொரு விசேஷமும் உண்டு. 1839ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 19ந் தேதி பாரிஸ் பட்டணத்தில், தாகேர் என்பவர் கண்ட முறை பகிரங்கமாக வெளியிடப்பட்டது. பிரெஞ்சு சர்க்கார் அவருக்கும், அவருடைய கூட்டாளியாயிருந்து இறந்துபோன நியப்ஸ் என்பவரின் மகனுக்கும் பென்ஷன் ஏற்படுத்தி, அந்த இரகசியத்தை வாங்கி ஊரறிய விட்டுவிட்டார்கள். (தாகேர் அதற்குச் சில நாள் முன்பே இங்கிலாந்தில் பேடண்டு வாங்கிக்கொண்டார் என்பது வேறு விஷயம்.) ஆகவே இது மனுவும் பராசரரும் கனவிலும் காணாத தொழில். இன்ன ஜாதியான்தான் செய்ய வேண்டும், இன்னான் தொட்டால் தீட்டு என்று எழுதிவைக்க அவர்களுக்குச் சந்தர்ப்பமே கிடைக்கவில்லை. அப்படியிருந்தும் ஆயுத பூஜையன்று கேமராவுக்குச் சந்தனமும் குங்குமமும் பூசுகிறார்களே, லென்ஸில் தூசு படக்கூடாது என்று வருஷமெல்லாம் துடைத்து வைத்தவர்கள்தானா இவர்கள்!

நம் நாட்டிலும் இந்தப் படிப்பு புதிதல்ல. 1850ல் ஹண்டர் என்ற வைத்தியர் சென்னையில் ஆரம்பித்த கலைப் பள்ளிக்கூடத்திலே, அதுதான் இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி, சில வருஷங்களுக்குள்ளாகவே போட்டோ வித்தையும் கற்பிக்கப்பட்டது. சென்னை சர்க்கார் டிரைப் என்ற பட்டாளத்து அதிகாரியைப் போட்டோக்காரராக நியமித்து, அவரும் மதுரை, தஞ்சாவூர், ஸ்ரீரங்கம் முதலிய ஊர்களைப் படம் பிடித்தார். 1859ல் டிரெவெலியன் கவர்னராக வந்து, இது ஆடம்பரச் செலவு என்று அந்த வேலையையே நிறுத்தினார். போட்டோ என்றால் ஆடம்பரம், அதற்குப் படிப்பு அநாவசியம் என்ற எண்ணம் அன்று உத்தியோகஸ்தர்கள் மூளையில் ஏறியது இன்றும் இறங்கவில்லை.

நிற்க. இன்று இந்தத் தொழிலில் இருப்பவன் எப்படிக் கற்றுக்கொள்ளுகிறான்? பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்தவன் ஒரு ஸ்டூடியோவில் சேருகிறான். லைட்டைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான், பை சுமக்கிறான், முதலாளி எந்த மட்டில் அறிந்திருக்கிறாரோ அந்த மட்டில் அறிந்துகொள்ளுகிறான். அதற்குள் தொழிலே மாறிவிடுகிறது. இருட்டறையில் பிலிம் கழுவக் கற்றவனுக்கு டிஜிட்டல் வந்து வாயில் மண்ணைப் போட்டது. அந்தக் கோடக் கம்பெனியே 2012ல் கடன்காரர்களிடமிருந்து பாதுகாப்புக் கேட்டுக் கோர்ட்டுக்குப் போயிற்று என்றால், முக்குக்கடை ஸ்டூடியோக்காரன் கதி என்ன? பத்து வருஷத்துக்கொருமுறை புதிதாகக் கற்றாக வேண்டிய தொழில் இது. ஆனால் படிப்பு வேண்டுமென்றால் மூன்று வருஷமோ நான்கு வருஷமோ பகலில் காலேஜுக்குப் போய்ப் பட்டம் வாங்கு என்கிறார்கள். பெண்டாட்டி பிள்ளையை வைத்துக்கொண்டு முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் சம்பாதிக்கிறவன் எங்கே போவான்? லைட் தூக்கி எடுபிடியாய் நின்று கற்றுக்கொள்ள எந்தப் பெற்றோர் தங்கள் பெண்ணை இராத்திரி பகலாய் அனுப்புவார்கள்?

ஆகவேதான், சர்வகலாசாலைகள் சிறு சிறு வகுப்புகளாக, ஆறு வாரம் பத்து வாரத்தில் முடியும்படியாக, வேலை செய்துகொண்டே படிக்கும்படியாக இதை ஏற்படுத்த வேண்டும் என்கிறோம். படித்த நேரத்துக்குச் சர்வகலாசாலைக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். அதைத்தான் கிரெடிட் என்கிறார்கள். வரவு வைக்காத வகுப்பு எத்தனை நேர்த்தியாயிருந்தாலும் கடைசியில் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டும் காகிதம்தான்.

இது ஆகாத காரியமா? இங்கிலாந்தில் 1969ல் சாசனம் பெற்ற திறந்தநிலைச் சர்வகலாசாலையார், முன்படிப்பு எதுவும் கேட்காமல் சேர்த்துக்கொண்டு, டிஜிட்டல் போட்டோவுக்கென்று பத்து வார வகுப்பு ஒன்று நடத்தினார்கள். அதற்குப் பத்து கிரெடிட். அங்கே ஒரு கிரெடிட் என்றால் பத்து மணி நேரப் படிப்பு, 360 சேர்ந்தால் ஆனர்ஸ் பட்டம். மாணாக்கர் வாராவாரம் தங்கள் படங்களைப் போட்டு, ஒருவர் படத்தில் உள்ள குறையை மற்றவர் எடுத்துச் சொல்லிக் கற்றுக்கொண்டார்கள். ஆனால் அந்த நாட்டுச் சர்க்கார் என்ன செய்தார்கள்? ஏற்கனவே ஒரு பட்டம் உள்ளவன் அதற்குச் சமமானதையோ குறைந்ததையோ மறுபடி படித்தால் மானியம் கிடையாது என்று 2008ல் கையை விரித்தார்கள். 2012ல் சம்பளத்தை ஏற்றி, முழுப் பட்டத்துக்குப் பதிந்துகொண்டவனுக்குத்தான் கடன் என்றார்கள். 2010க்கும் 2015க்கும் நடுவில் அங்கே பகுதி நேரமாகப் படிக்கச் சேருகிறவர்கள் தொகை சுமார் பாதியாய்ப் போயிற்று. பிறகு புத்தி வந்து, 2023ல் துண்டு துண்டாகப் படிப்பதற்கும் சம்பள வரம்பு வகுக்கச் சட்டம் செய்தார்கள். வகுப்பு இருந்தால் மட்டும் போதாது, பணத்துக்கு வழியும் வேண்டும் என்பதற்கு இதைவிட ருஜு வேண்டுமா?

நம் நாட்டிலும் கிரெடிட்டுகளைச் சேர்த்து வைக்க 2021ல் ஒரு பாங்கி ஏற்பாடு வந்தது. 2023ல் முப்பது மணி நேரத்துக்கு ஒரு கிரெடிட், வருஷத்துக்கு நாற்பது என்று கணக்கும் வகுத்துவிட்டார்கள். கணக்கைப் பற்றி நமக்கு ஆட்சேபணையில்லை. ஆனால் 2020ம் வருஷத்துக் கல்விக் கொள்கையில், ஒரு வருஷத்தில் நின்றால் சர்டிபிகேட், இரண்டு வருஷத்தில் நின்றால் டிப்ளமா என்று வெளியே போகும் வாசல்களை வைத்திருக்கிறார்களே, அங்கேதான் நமக்குச் சந்தேகம். 1953ல் ஆச்சாரியார், பாதி நேரம் படி, மீதி நேரம் அப்பன் தொழிலைப் பார் என்றதும், நம் மக்கள் கொதித்தெழுந்து 1954ல் அதை ஒழித்ததும் மறக்கக்கூடியதா? ஏழைப் பிள்ளைக்கு ஆறு வாரம், பணக்காரப் பிள்ளைக்கு மூன்று வருஷம் என்று பிரித்துவிட்டால் அது பழைய குலக்கல்விதான். ஆதலால் பட்டப் படிப்பில் இருக்கிற பிள்ளையைப் பாதியில் இறக்கிவிட இது ஏதுவாகக் கூடாது. வெளியே நிற்கிறவனை உள்ளே கொண்டுவரவே சிறு வகுப்பு வேண்டும். நாற்பது வயதில் ஒரு வகுப்பு படித்தவன், ஐம்பது வயதில் அதே கணக்கின்மேல் பட்டம் வாங்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

நம் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002 முதல் இருக்கிறது. கவின்கலைக் கல்லூரியில் கட்டடம் இருக்கிறது. பாடத்தைத் தமிழில் எழுதட்டும். இருபது வருஷம் தொழில் செய்தவனை அப்பர்ச்சர் என்றால் என்னவென்று முதல் பாடத்திலிருந்து உட்கார வைக்காமல், அவன் எடுத்த படங்களைப் பார்த்தே அதற்குரிய கிரெடிட்டை வரவு வைக்கட்டும். சட்டத்தையும் ஒரு வகுப்பாக வைக்கட்டும். பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமைக்காரர் என்று 1957ம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டம் சொல்லுகிறது. கல்யாண வீட்டுப் படத்தைக் கேட்காமலே விளம்பரத்தில் போட்டுவிட்டு வம்பில் மாட்டிக்கொள்ளும் தோழர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

வகுப்பு நடத்தும் காலத்தையும் தொழிலாளியைக் கேட்டு வைக்க வேண்டும். தை, வைகாசி, ஆவணி மாதங்களில் கூப்பிட்டால் ஒருவனும் வரமாட்டான், வந்தால் அடுப்பு எரியாது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கூடாது என்று நம் ஜனங்கள் ஒரு மூடத்தனத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதால் கேமராக்காரன் அந்த இரண்டு மாதமும் சும்மா கிடக்கிறான். அந்த மூடத்தனம் ஒழிகிற வரையிலாவது வகுப்பை ஆடியில் வைக்கட்டும்.