சூளைக்கு ஒரு டிக்கெட்

ஜப்பானில் இம்பே என்று ஒரு குட்டி ரயில்வே ஸ்டேஷன். ஒகயாமாவில் புல்லட் ரயிலை விட்டு இறங்கி, நம்ம பாஸஞ்சர் வண்டி மாதிரி ஒன்றில் முக்கால் மணி நேரம் ஆடி அசைந்து போனால் வரும். ஆபீஸில் டிரெயினிங் என்று ஒசாகாவுக்கு அனுப்பியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கூட வந்தவர்கள் எல்லாம் ராட்டினம் சுற்றக் கிளம்ப, நான் மட்டும் பானை பார்க்கப் போனேன். ("உனக்குக் கல்யாணம் ஆனதே பெரிய விஷயம்டா" என்றான் ரூம்மேட்.)

ஊர் முழுக்கச் செங்கல் புகைபோக்கிகள். பிஸென் பாண்டம் என்றால் உலகப் பிரசித்தம். ஆனால் மெருகு கிடையாது, வர்ணம் கிடையாது. நெல் வயலுக்கு அடியில் தோண்டி எடுத்த களிமண். அதை வருஷக்கணக்கில் ஆறப்போட்டு, வனைந்து, பைன் விறகில் பத்துப் பதினைந்து நாள் சுடுகிறார்கள். பறக்கிற சாம்பல் பட்டு உருகினால் எள் தெளித்த மாதிரி ஒரு தினுசு. வைக்கோலைச் சுற்றிச் சுட்டால் சிவப்புக் கோடு விழும், அது இன்னொரு தினுசு. அந்த இரண்டாவது தினுசில் ஒரு டம்ளர் வாங்கினேன். விலை சொல்ல மாட்டேன். வீட்டில் இந்தப் பத்திரிகை வாங்குகிறோம்.

இப்படி ஆறு பழைய சூளை ஊர்களை 2017-ல் தேசியப் பாரம்பரியம் என்று அறிவித்திருக்கிறார்கள். கடைக் கல்லாவில் உட்கார்ந்து கை ஆட்டுகிற பூனை இருக்கிறதே, அதற்குப் பேர் போன டொகோநாமேயும் அதில் ஒன்று. க்யூஷு தீவில் அரிட்டா என்ற பீங்கான் ஊர் தனிக்கதை. அங்கே 1616-ல் பீங்கான் மண்ணைக் கண்டுபிடித்தவர், போரில் பிடித்து வரப்பட்ட ஒரு கொரியாக்காரர் என்கிறார்கள்.

பனமரத்துப்பட்டி திரும்பியதும் டம்ளரை எங்கள் பக்கத்துப் பானைக்காரப் பெரியவரிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒரு தட்டு தட்டினார். கிண்ணென்றது.

"வைக்கப்பிரி சுத்தின தழும்புங்க தம்பி இது. சூடு நம்முளுதைவிட ரொம்பச் சாஸ்தி."

கரெக்ட். அது 1200 டிகிரிக்கு மேல். நம் சூளை 800, 900. அதனால்தான் நம் பானை கசிந்து தண்ணீரைக் குளிர வைக்கிறது, அவர்களுடையது கசியாது. படித்துத் தெரிந்துகொண்டதை அவர் விரலால் தட்டியே சொல்லிவிட்டார்.

அங்கே பெரிய கைக்காரர்களை 'வாழும் தேசியப் பொக்கிஷம்' என்று அரசாங்கமே அறிவித்து, வருஷத்துக்கு 20 லட்சம் யென் கொடுக்கிறது, நம் பணத்தில் பத்து லட்சத்துக்கு மேலே என்றேன். பிஸெனில் முதல் ஆளுக்கு அந்தப் பட்டம் கிடைத்தது 1956-ல்.

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "இங்க மண்ணு எடுக்கவே நாயா அலைஞ்சமுங்க" என்றார். சேலத்துக்குக் குடிதண்ணீர் கொடுக்க 1911-ல் கட்டிய ஏரி எங்கள் ஊர் ஏரி. பிற்பாடு வருஷக்கணக்கில் காய்ந்து, சீமைக் கருவேலம் மண்டிப் போனது. ஏரி, குளங்களில் பானைத் தொழிலுக்கு மண் எடுக்கத் தாசில்தார் அனுமதியே போதும் என்று 2024-ல் அரசு விதியைச் சுலபமாக்கியது. அதற்குள் பெரியவருக்கு எழுபது தாண்டிவிட்டது. இப்போது பொங்கலுக்கும் கார்த்திகைக்கும் மட்டும் சூளை.

மகன் சேலத்தில் ஜவுளிக்கடையில் சேல்ஸ்மேன். சம்பளம் பதினாலாயிரம். அன்றைக்கு லீவு, டம்ளரை அவனும் வாங்கிப் பார்த்தான்.

"அண்ணா, இந்தச் சூட்டுல சுடறதுக்கு ஜப்பானுக்கே போய்த்தான் கத்துக்கணுமா?"

வேண்டியதில்லை. ஜப்பானில் தொழில் கற்ற டெபோரா ஸ்மித்தும், ரே மீக்கரும் (இரண்டு பேரும் அமெரிக்கர்கள்) 1971-ல் பாண்டிச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்று ஆரம்பித்தார்கள். அவர்களிடம் கற்றுக்கொண்டவர்கள் அந்தச் சுற்றுவட்டாரத்தில் சொந்தமாகச் சூளை வைத்திருக்கிறார்கள். இதைச் சொன்னேன்.

பையன் அப்பாவைப் பார்த்தான். அப்பா டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜவுளிக்கடையில எத்தன நாள் லீவு குடுப்பாங்க?" என்றார் பெரியவர், டம்ளரிலிருந்து கண்ணை எடுக்காமலே.

"தீபாவளி முடியட்டும்பா, கேட்டுப் பாக்கறேன்" என்றவன் என் பக்கம் திரும்பினான். "பாண்டிச்சேரிக்கு சேலத்துலருந்து நேர் பஸ் இருக்குங்களாண்ணா?"