மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியோருக்கு மறுவாழ்வுச் சிகிச்சை கோரி மனு

அனுப்புநர்:
செயலாளர், தண்டுவடக் காயமடைந்தோர், பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டோர், அவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தினர் ஆகியோரின் மாவட்டச் சங்கம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்.

நகல்:
மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநர். மாவட்ட சுகாதார அலுவலர். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர்.

பொருள்: அரசு மருத்துவமனைகளிலும் வீடுகளிலும் மறுவாழ்வுச் சிகிச்சையை முறைப்படுத்தக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

பனையிலிருந்தும் தென்னையிலிருந்தும் விழுந்தவர்கள், கட்டடச் சாரம் சரிந்து முதுகு முறிந்தவர்கள், பைக் விபத்தில் கழுத்துக்குக் கீழ் அசைவிழந்தவர்கள், காலையில் எழும்போதே வாய் கோணிப் பேச்சிழந்தவர்கள், இவர்களைத் தினமும் தூக்கி உட்காரவைக்கும் வீட்டார் எனப் பலரும் சேர்ந்தது எங்கள் சங்கம்.

முதலில் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறோம். சாலை விபத்தில் சிக்கியவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் இன்னுயிர் காப்போம் திட்டம் 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்டது. அத்திட்டமும் 108 வண்டியும் இல்லையென்றால் எங்கள் உறுப்பினர் சிலர் இன்று இல்லை. அறுவை சிகிச்சைக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கிறது. தையல் பிரித்த பிறகுதான் எங்கள் கஷ்டம் ஆரம்பமாகிறது.

என் கதையையே சொல்கிறேன். தென்னையிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழ் உணர்விழந்த என்னை 19-ஆம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைகளின் பெயரும் இரண்டு வாரம் கழித்து வரவும் என்ற வரியும் இருந்தன. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்னைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்று என் மனைவிக்கு யாரும் சொல்லவில்லை. வால் எலும்பின் மேல் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவந்திருந்ததை அவள் வேர்க்குரு என்று நினைத்துப் பவுடர் போட்டுவிட்டாள். எனக்கோ அங்கே வலியே தெரியாது. பத்து நாளில் தோல் உரிந்து, சதை அழுகி, எலும்பு தெரிந்தது. மறுபடி மருத்துவமனை, புண் ஆற ஏழு மாதம். அதற்கு அரசு செலவழித்த பணத்தில் எத்தனையோ பேருக்குக் காற்று மெத்தை வாங்கியிருக்கலாம். செவிலியரை நான் குறை சொல்லவில்லை. வார்டு நிறைய நோயாளிகளை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்? வீட்டாருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியது இன்னாருடைய வேலை என்று எங்கும் எழுதப்படவில்லை. அதை எழுதித் தாருங்கள் என்றுதான் கேட்கிறோம்.

ஆகவே எங்கள் முதன்மையான கோரிக்கை: மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மறுவாழ்வுக்கெனத் தனிப் படுக்கைகள் ஒதுக்க வேண்டும். தண்டுவடக் காயமோ பக்கவாதமோ உள்ளவரை அனுப்பும் முன், புரட்டிப் படுக்கவைப்பது, சிறுநீர்க் குழாய் போடுவது, கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுவது ஆகியவற்றை வீட்டாரே தம் கையால் செய்து காட்டிய பிறகே டிஸ்சார்ஜ் சீட்டில் கையெழுத்திட வேண்டும். இதற்கு முன்மாதிரி தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. 1954-ல் விபத்தில் கால்கள் செயலிழந்தும் சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை சிகிச்சை செய்தவர் டாக்டர் மேரி வர்கீஸ். அவருடைய முயற்சியில் 1966-ல் வேலூர் சி.எம்.சி.யில் உள்நோயாளிகளுக்கான மறுவாழ்வு நிலையம் வந்தது. கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். சென்னை கே.கே. நகரில் அரசுக்கே மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. ஆனால் படுத்த படுக்கையாக இருப்பவரை வேன் வாடகை கொடுத்துச் சென்னைக்குக் கொண்டுபோக எங்களில் எத்தனை பேரால் முடியும்?

அடுத்தது பிசியோதெரபி. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், இயன்முறைச் சிகிச்சையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. அதன் அருமை எங்களுக்குத் தெரியும். ஆனால் வட்டாரத்துக்கு ஒருவர் என்றால், அவர் எங்கள் தெருவுக்குத் திரும்பி வரப் பல நாள் ஆகிறது. பக்கவாதம் வந்தவருக்கு முதல் மூன்று மாதம்தான் பொன்னான காலம். அந்தக் காலத்தில் விரல்களை நீட்டி மடக்கிப் பழக்காவிட்டால் கை மடங்கியபடி இறுகிவிடும். பிறகு எவ்வளவு நீவிவிட்டாலும் பழைய நிலைக்கு வருவது கடினம். எனவே புதிதாகப் பாதிக்கப்பட்டவருக்கு முதல் மூன்று மாதமும் வாரம் மூன்று முறையாவது சிகிச்சை கிடைக்கும்படி வட்டாரத்துக்குக் கூடுதல் இயன்முறை மருத்துவர்களை நியமிக்க வேண்டும். பேச்சுப் பயிற்சியாளர் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலாவது வாரந்தோறும் இருக்க வேண்டும். பேச்சு போனவர் தண்ணீர் கேட்கக்கூட முடியாமல் அழுவதைத் தினமும் பார்க்கிறோம்.

சிறுநீர்க் குழாய், யூரின் பை, கையுறை, காற்று மெத்தை ஆகியவற்றையும் மருந்தாகவே கருதி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதாமாதம் தர வேண்டும். எங்களில் பலர் நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை குழாய் போட்டுத்தான் சிறுநீர் கழிக்கிறோம். ஒருமுறை பயன்படுத்தி எறிய வேண்டிய குழாயைக் கழுவிக் கழுவித் திரும்பப் போடுகிறோம். அதனால் காய்ச்சல் வருகிறது, நாளாவட்டத்தில் சிறுநீரகம் கெடுகிறது. மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகையில் அரிசியும் வாங்கி, குழாயும் வாங்க முடியாது.

இன்னொன்றை வலியுறுத்திச் சொல்ல வேண்டும். மார்புத் தண்டுவடத்தின் மேற்பகுதியிலோ கழுத்திலோ காயம்பட்டவருக்குக் குழாய் அடைத்துச் சிறுநீர் தேங்கினால், திடீரென ரத்த அழுத்தம் எகிறி, தலை வெடிப்பதுபோல் வலித்து, முகம் வியர்த்துக் கொட்டும். உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, குழாய் அடைப்பை நீக்க வேண்டும். தாமதித்தால் மூளையில் ரத்தம் கசிந்து உயிரே போகலாம். இது தெரியாமல் படுக்கவைத்து மாத்திரை மட்டும் கொடுத்தனுப்பிய அனுபவம் எங்களுக்கு உண்டு. எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இதற்கான ஒரு பக்க வழிகாட்டுதலை ஒட்டிவைக்கவும், 108 பணியாளருக்குப் பயிற்சி தரவும் கேட்டுக்கொள்கிறோம். இதற்குப் பெரிய நிதி ஒதுக்கீடு தேவையில்லை.

மாற்றுத்திறனாளிச் சான்றுக்காக, நடக்க முடியாதவரைப் பலமுறை அலையவிடுவதும் நிற்க வேண்டும். மருத்துவமனைக் கட்டிலிலேயே பரிசோதித்துத் தற்காலிகச் சான்று வழங்கினால், உதவித்தொகை விண்ணப்பத்தை அன்றே கொடுத்துவிடலாம்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தன் 25-ஆம் பிரிவில், குறிப்பாக ஊரகப் பகுதியில், இருப்பிடத்துக்கு அருகே இலவச மருத்துவத்தையும், 27-ஆம் பிரிவில் மறுவாழ்வுப் பணிகளையும் அரசின் கடமையாகச் சொல்கிறது. பொருளாதார வசதிக்கு உட்பட்டு என்ற சொற்களும் 27-ஆம் பிரிவில் உண்டு என்பதை அறிவோம். அதனால்தான் படுக்கைப்புண்ணின் செலவையும் மெத்தையின் விலையையும் சேர்த்துக் கணக்கிடும்படி கேட்கிறோம்.

இக்கோரிக்கைகள் குறித்துத் தொடர்புடைய அலுவலர்களுடன் ஒரு கூட்டம் நடத்தி எங்களை அழைக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம். கூட்டத்தைத் தரைத்தளத்தில், சாய்தளப் பாதை உள்ள அறையில் வைக்கவும். எங்களில் பலரால் நெடுநேரம் தொடர்ந்து உட்கார முடியாது. ஆகவே குறித்த நேரத்தில் தொடங்கினால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்
(சங்க உறுப்பினர்கள், பராமரிப்போர் ஆகியோரின் கையெழுத்தும் கைரேகையும் இணைக்கப்பட்டுள்ளன)