பத்து நாள் கல்லாவை விட்டு இறங்குவோம்

கடை திறக்கும் நேரமும் அடைக்கும் நேரமும் நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் கடையை மனதிலிருந்து இறக்கி வைக்கும் நேரம் எது என்று கேட்டால், நம்மில் பலருக்குப் பதில் சொல்லத் தெரியாது. கோட்டாறு கம்போளத்தில் விடியற்காலை லாரிச் சரக்கு இறக்கும்போது தொடங்கும் பேச்சு, இரவு கல்லாவை எண்ணிப் பூட்டும் வரை ஓய்வதில்லை. விலை, கழிவு, பாக்கி, வரி, சுமட்டுக் கூலி என்று பேசிப் பேசியே பொழுது போகிறது. வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்தால் கைபேசியில் நாளைய விலை வந்து நிற்கிறது. வாய்தான் நம் தொழிலின் முதல். அப்படிப்பட்ட வணிகர்கள் பத்து நாள் வாய் திறவாமல் இருந்துவிட்டு வரவேண்டும் என்று நாம் எழுதினால், "அண்ணாச்சிக்கு என்ன ஆயிற்று?" என்று உறுப்பினர்கள் கேட்கக்கூடும். கேட்கட்டும். காரணத்தைச் சொல்கிறோம்.

விபாசனா என்ற தியான முறையைப் பற்றி உறுப்பினர்கள் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். புத்தர் காலத்து முறை என்று சொல்லப்படும் இது, பர்மாவில் குரு சீட வழியாகக் காக்கப்பட்டு வந்தது. அதை இந்தியாவுக்குக் கொண்டு வந்தவர் சாமியார் அல்ல, ஒரு வியாபாரி. 1924-ல் மாண்டலே நகரில் மார்வாடி வணிகக் குடும்பத்தில் பிறந்த சத்ய நாராயண் கோயங்கா அவர்கள், ரங்கூனில் பெரிய வணிகராகவும் ஆலை முதலாளியாகவும் இருந்தவர். தீராத ஒற்றைத் தலைவலி அவருக்கு இருந்தது. மார்பின் ஊசி போட்டுக்கொள்ளும் அளவுக்கு முற்றியது. பல நாடுகளுக்குப் போய்ப் பார்த்தும் குணமில்லை. கடைசியில் 1955-ல் ஊ பா கின் என்ற ஆசிரியரிடம் போய்ச் சேர்ந்தார். அந்த ஆசிரியரும் துறவியல்லர். பர்மா அரசின் தலைமைக் கணக்கு அதிகாரியாக இருந்த குடும்பஸ்தர். "தலைவலிக்கு மருந்தாக இதைக் கேட்டு வராதே, மனதைச் சுத்தம் செய்ய வா" என்ற பொருளில் முதலில் அவரைத் திருப்பியனுப்பினாராம் ஆசிரியர்.

பின்னர் 1960-களில் பர்மாவின் ராணுவ அரசு தொழில்களையும் கடைகளையும் தேசியமயமாக்கியபோது, கோயங்காவின் தொழில்களும் போயின. அதே அலையில் கையில் இருந்ததையெல்லாம் விட்டுக் கப்பலேறிய தமிழ் வணிகர்களின் கதை நமக்குத் தெரியும். அந்த இழப்பில் அவர் உடைந்து போகவில்லை. ஆசிரியரிடம் இருக்க நேரம் கிடைத்தது என்றே எடுத்துக்கொண்டார். 1969-ல் இந்தியா வந்து பம்பாயில் ஒரு தர்மசாலையில் முதல் முகாமை நடத்தினார். 1976-ல் மகாராஷ்டிரத்தில் இகத்புரி மையம் தொடங்கியது. 1994-ல் கிரண் பேடி அவர்கள் சிறைத்துறைத் தலைவராக இருந்தபோது, டில்லி திகார் சிறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் ஒரே நேரத்தில் இந்த முகாமில் அமர்ந்தார்கள். 2013-ல் அவர் காலமான பிறகும், பதிவு செய்யப்பட்ட அவரது குரலைக் கொண்டே உலகம் முழுவதும் முகாம்கள் நடக்கின்றன.

நமக்கு எட்டும் தூரத்திலேயே மையங்கள் உள்ளன. திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தின் அருகில் ஒன்று. சென்னைக்கு அருகே திருமுடிவாக்கத்தில் ஒன்று. கேரளத்தில் செங்கன்னூர் பக்கம் செறியநாட்டில் ஒன்று. நாகர்கோவிலில் ரயிலேறினால் திருவனந்தபுரம், கொல்லம், காயங்குளம் வழியாகச் செங்கன்னூர் போய் இறங்கிவிடலாம். நாமும் ஒரு முறை போய் இருந்து வந்தோம். எனவே கேள்விப்பட்டதை மட்டும் வைத்து எழுதவில்லை.

முகாமின் ஒழுங்கு கண்டிப்பானது. காலை 4 மணிக்கு மணி அடிக்கும். 4.30-க்கு உட்கார வேண்டும். இரவு 9.30-க்கு விளக்கு அணையும். நடுவில் சுமார் 10 மணி நேரம் தியானம். 11 மணிக்கு மதிய உணவு, மாலை 5 மணிக்குப் புதியவர்களுக்குத் தேநீரும் பழமும், அதோடு சரி. கைபேசியை முதல் நாளே வாங்கி வைத்துவிடுவார்கள். பத்திரிகை, புத்தகம், பேனா எதுவும் கிடையாது. உடன் இருப்பவரோடு பேச்சு மட்டுமல்ல, சைகையும் கூடாது. ஆசிரியரிடம் சந்தேகம் கேட்கலாம். தேவை ஏதும் இருந்தால் நிர்வாகத்தாரிடம் சொல்லலாம். பத்தாம் நாள்தான் வாய்ப்பூட்டு திறக்கும்.

முதல் மூன்று நாள் மூச்சு போவதையும் வருவதையும் கவனிப்பதுதான் வேலை. நான்காம் நாள் முதல் உடம்பில் தோன்றும் உணர்ச்சிகளைத் தலை முதல் கால் வரை கவனிக்க வேண்டும். வலி வந்தால் வெறுக்காமலும், சுகம் வந்தால் ஒட்டிக்கொள்ளாமலும், தோன்றியது மறையும் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சொன்னால் எளிது. ஒரு மணி நேரம் கை காலை அசைக்காமல் உட்கார்ந்து பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். முதல் நாட்களில் நம் மனம் மூச்சைக் கவனிக்கவில்லை. வராத பாக்கிகளையும், வந்து சேராத வெல்ல லோடையும்தான் கவனித்தது. ஆறாம் நாளுக்கு மேல்தான் அந்த இரைச்சல் கொஞ்சம் அடங்கியது.

இதில் வணிகனுக்கு என்ன லாபம்? விலை ஏறினால் துள்ளுகிறோம், இறங்கினால் துவளுகிறோம். பாக்கிக்காரர் முகத்தைக் கண்டதும் இரத்தம் தலைக்கு ஏறுகிறது. சுமட்டுத் தொழிலாளியிடமும் கடைப் பையனிடமும் வீட்டு அம்மாளிடமும் அந்தக் கோபம் போய் விழுகிறது. கோபம் வருவதற்கும் வார்த்தை வெளியே வருவதற்கும் இடையில் ஒரு நொடி இடைவெளி கிடைத்தால் எத்தனை வாடிக்கை முறியாமல் இருக்கும்! அந்த ஒரு நொடியைப் பழக்கிக் கொடுப்பதுதான் இந்தப் பயிற்சி. அது நிரந்தரமாக நிற்க வீட்டிலும் தினமும் உட்கார வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

"இது வேறு மதச் சமாச்சாரம்" என்று சிலர் சொல்வார்கள். நம் நாஞ்சில் மண்ணுக்கு மௌனமும் தவமும் புதிதல்ல. மருந்துவாழ்மலைக் குகையில் நாராயண குரு தவம் இருந்தார். சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் ஆண்டுக் கணக்கில் தவம் இருந்தார். 1892 டிசம்பரில் குமரிப் பாறையில் விவேகானந்தர் அமர்ந்தார். சிதறால் மலையில் சமண முனிவர்கள் இருந்ததற்குப் பாறைச் சிற்பங்களே சாட்சி. கத்தோலிக்கச் சகோதரர்கள் மௌன தியானத்துக்குப் போகிறார்கள். இஸ்லாமியச் சகோதரர்கள் ரம்சானின் கடைசிப் பத்து நாட்கள் பள்ளிவாசலிலேயே தங்கி இஃதிகாப் இருக்கிறார்கள். ஐயப்பனுக்கு மாலை போட்டு 41 நாள் விரதம் இருக்கும் வணிகர்கள் நம் கடைத்தெருவில் எத்தனை பேர்! ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. அந்தப் பத்து நாளும் அவரவர் பூசை, ஜெபம், விரதம் எல்லாவற்றையும் நிறுத்தி வைக்கச் சொல்கிறார்கள். அது முடியாது என்பவர்கள் போக வேண்டியதில்லை. அவரவர் வழியிலேயே பத்து நாள் ஒதுக்கிக்கொள்ளட்டும்.

அடுத்த தடை, "கடையை யார் பார்ப்பது?" என்பது. நாம் இதை எழுதக் காரணமே இந்தக் கேள்விதான். மகனுக்கு நாற்பது வயது. ஆனாலும் கல்லாச் சாவி அப்பா மடியில். எந்த ஊர்க்காரருக்கு எவ்வளவு கடன் கொடுக்கலாம் என்பது அப்பா மனதில் மட்டும். காசோலையில் கையெழுத்து அப்பாவுடையது மட்டும். இப்படி நடக்கும் கடைகள் நம் மாவட்டத்தில் எத்தனையோ. நாம் இல்லாத நாள் ஒன்று எல்லாக் கடைக்கும் வரும். அது முன்கூட்டித் தகவல் சொல்லிவிட்டு வராது. பத்து நாள் முகாம் அதற்கு ஒரு ஒத்திகை. கைபேசியில் கூட நம்மைப் பிடிக்க முடியாது என்று தெரிந்தால்தான் மகனோ மகளோ மருமகளோ தாமாக ஒரு முடிவு எடுப்பார்கள். நாம் திரும்பி வந்தபோது கடை திறந்துதான் இருந்தது. சரக்கும் போயிருந்தது. நாம் கொடுக்கும் விலையைவிட ஐம்பது காசு கூட்டியும் விற்றிருந்தார்கள்!

பணம் பற்றியும் சொல்ல வேண்டும். தங்குவதற்கும் உணவுக்கும் பயிற்சிக்கும் கட்டணம் கிடையாது. முன்கூட்டி நன்கொடை கொடுத்தாலும் வாங்குவதில்லை. முகாமை முடித்தவர் விரும்பினால் கொடுக்கலாம். முன்பு இருந்து போனவர் கொடுத்ததில் நாம் சாப்பிடுகிறோம். நாம் கொடுப்பதில் பின்னால் வருபவர் சாப்பிடுவார். வசூலுக்கு ஆள் அனுப்பாத இந்தக் கடன் கணக்கு பல ஆண்டுகளாக நடந்து வருவது நம்மைப் போன்றவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம்.

போக நினைப்பவர்களுக்குச் சில எச்சரிக்கைகள். இது வைத்தியம் அல்ல. மருத்துவச் சிகிச்சைக்கு மாற்றும் அல்ல என்று நடத்துபவர்களே சொல்கிறார்கள். மனநோய்க்கு மருந்து சாப்பிடுபவர்கள் கண்டிப்பாக அதை விண்ணப்பத்தில் எழுத வேண்டும்; அவர்களுக்கு இது ஏற்றதல்ல. சர்க்கரை நோயாளிகள் இரவு உணவு இல்லை என்பதை மருத்துவரிடம் சொல்லி யோசனை கேட்டுப் போக வேண்டும். மாத்திரையை நிறுத்தக் கூடாது. மூட்டுவலிக்காரர்கள் நாற்காலி கேட்கலாம். நடுவில் ஓடி வர எண்ணுபவர்கள் போகாமல் இருப்பதே மேல். தமிழில் விளக்கம் உள்ள முகாம் எது என்று கேட்டுக்கொண்டு விண்ணப்பிப்பது நல்லது.

காலம் பார்த்துப் போவதும் வணிகனுக்கு அவசியம். போகும் நாள், வரும் நாள் சேர்த்தால் 12 நாள் ஆகும். மாதந்தோறும் சரக்கு சேவை வரிக் கணக்கு கொடுப்பவர்கள் 20-ம் தேதிக் கணக்கை முடித்துவிட்டு மறுநாள் கிளம்பினால், அடுத்த மாதம் 11-ம் தேதிக் கணக்குக்கு முன்பே தாராளமாகத் திரும்பிவிடலாம். ஓணம், தீபாவளி, பொங்கல் நெருக்கத்தைத் தவிர்த்து, வியாபாரம் மந்தமான ஆடியைத் தேர்ந்தெடுக்கலாம். மைய அட்டவணையை முன்பே பார்த்து இடம் பதிவு செய்ய வேண்டும். பெண்களுக்குத் தங்குமிடம் தனியாக உண்டு. கடைக்கும் வீட்டுக்கும் நடுவே நின்று உழைக்கும் நம் வீட்டுப் பெண்கள் போக விரும்பினால், அந்தப் பத்து நாள் அடுப்படியை நாம் பார்த்துக்கொள்வோம்.

நம் சங்கத்துக்கு ஒரு யோசனை. உறுப்பினர் ஒருவர் இப்படி வெளியே போகும் நாட்களில், அவர் கடைக்கு வரும் சரக்கு, வங்கி வேலை, அவசரத் தேவை ஆகியவற்றில் பக்கத்துக் கடைக்காரர் இருவர் துணை நிற்பது என்று ஒரு ஏற்பாடு செய்யலாம். தியானத்துக்குப் போனாலும் சரி, யாத்திரைக்குப் போனாலும் சரி, ஆபரேஷனுக்குப் போனாலும் சரி, இந்த ஏற்பாடு உதவும். அடுத்த பொதுக்குழுவில் இதைப் பேசி முடிவெடுக்க வேண்டும் என்று உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். ஊருக்கெல்லாம் சரக்கு அளந்து கொடுக்கும் நாம், நமக்கென்று பத்து நாள் அளந்து எடுத்துக்கொள்வதில் தவறில்லை.