எளிமையைப் புகழ்ந்தது போதும்

ஜீவாவின் குடிசை, யாரோ ஒரு தோழரின் பழைய சைக்கிள். வருஷத்துக்கு நாலு தடவை இந்தப் படங்களை வாட்ஸப்பில் அனுப்பி நெகிழ்கிறோம். தேர்தல் வந்தால், "அந்த ரெண்டு சீட்டுக் கட்சியா?" என்று சிரிக்கிறோம். நெகிழ்ச்சியும் கேலியும் ஒரே சோம்பேறித்தனம்தான். நாடாளுமன்றத்தில் இவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்க்காமல் நழுவுவதற்கு இரண்டும் உதவுகின்றன.

காரைக்குடிக்காரனான எனக்கு இது கூடுதலாகவே உறுத்துகிறது. பக்கத்துச் சிராவயலில் ஜீவா நடத்திய ஆசிரமத்துக்கு 1927இல் காந்தி வந்த கதை எங்கள் ஊரில் பலருக்கும் தெரியும். ஆனால் எங்கள் சிவகங்கை எம்.பி. ப. சிதம்பரம் 2004இல் நிதியமைச்சரானபோது, அவர் கையைப் பிடித்து நிறுத்தியது யார் என்று கேட்டுப் பாருங்கள். முழிப்பார்கள்.

1950இல் தடுப்புக் காவலில் சென்னை மாகாணச் சிறையில் இருந்த ஏ.கே. கோபாலன் உச்ச நீதிமன்றம் வரை போனார், விடுதலை கிடைக்கவில்லை. இரண்டே வருஷத்தில், முதல் மக்களவையின் மிகப் பெரிய எதிர்க்கட்சிக் குழுவுக்கு அவர்தான் தலைவர். மலையாளி, தெலுங்கர், வங்காளி என்று பல மொழிக்காரர்கள் ஒரே கொறடாவுக்குக் கட்டுப்பட்ட குழு அது. ஆட்சியைப் பிடிக்கும் பலம் அதற்கு ஒருநாளும் வந்ததில்லை. பிரேக் பிடிக்கும் பலம் வந்தது, 2004இல்.

அப்போது இடதுசாரிகள் 59 பேர். வெளியிலிருந்து ஆதரவு. 2005இல் பி.எச்.இ.எல். நிறுவனத்தின் 10 சதவீதப் பங்கை விற்கப் பார்த்தது அரசு. இவர்கள் முரண்டு பிடித்ததும் நின்றது. காப்பீட்டில் அந்நிய முதலீட்டு வரம்பை 26 சதவீதத்திலிருந்து 49 ஆக்கும் திட்டமும் நின்றது. அது நடக்க 2015 ஆனது. நூறு நாள் வேலைச் சட்டத்தின் முதல் மசோதா ஏழைக் குடும்பங்களுக்கு மட்டும் என்றுதான் இருந்தது. இவர்களும் வெளியே இருந்த இயக்கங்களும் கொடுத்த நெருக்கடியில்தான் அது கிராமக் குடும்பங்கள் எல்லாவற்றுக்குமான உரிமையானது. எங்கள் பக்கத்துக் கண்மாய்க் கரைகளில் மண் சுமந்த பெண்களின் கூலிக்குப் பின்னால் இந்த வரலாறும் இருக்கிறது.

சரி, இனி குற்றப்பத்திரிகை. இவ்வளவு வேலை செய்த பிரேக்கை 2008 ஜூலையில் இவர்களே விட்டார்கள். எதற்காக? அமெரிக்க அணு ஒப்பந்தத்துக்காக. எதிர்த்தது தப்பில்லை. ஆதரவை விலக்கும் ஆயுதம் ஒன்றே ஒன்று. ஒருமுறை வீசினால் கையில் திரும்பாது. வீசினார்கள். ஜூலை 22இல் அரசு 275க்கு 256 என்று பிழைத்தது, ஒப்பந்தமும் நிறைவேறியது. 2009இல் 59 பேர் 24 ஆனார்கள்.

கொள்கைக்காகப் பதவியை இழந்தார்கள் என்று இதையும் நெகிழ்ச்சியாக்காதீர்கள். இழந்தது அவர்கள் பதவியை அல்ல, தொழிலாளியின் பிடிமானத்தை. 2020இல் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நிறைவேறியபோது மக்களவையில் இடதுசாரிகள் 5 பேர். அதில் 4 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஆட்குறைப்புக்கு அரசு அனுமதி கேட்க வேண்டிய தொழிற்சாலையின் வரம்பு 100 பேரிலிருந்து 300 ஆக உயர்ந்தது. 59 பேர் இருந்த காலத்தில் இதை யாராவது மேசைக்குக் கொண்டுவந்திருக்க முடியுமா?

ஒரே மெயிலில் வேலை போகும் ஐ.டி. தலைமுறை நாம். நமக்குத் தேவை துறவிகள் இல்லை, கணக்குத் தெரிந்த முரடர்கள். 2024இல் எட்டுப் பேர் போயிருக்கிறார்கள், நாலு பேர் நம் ஊர்க்காரர்கள். அவர்கள் எந்த வண்டியில் போகிறார்கள் என்று பார்ப்பதை விடுங்கள். எந்த மசோதாவில் என்ன திருத்தம் கேட்டார்கள், அதைப் பாருங்கள்.