கணவரைக் காணச் செல்லும் பயணமும் இ.சி.ஆர். முத்திரையும்

துபாயிலோ மஸ்கட்டிலோ வேலை பார்க்கும் கணவரைக் காண, தாராவியிலிருந்து முதன்முறையாக விமானம் ஏறும் பெண்ணுக்கு, விமானத்தைவிட அதிக அச்சம் தருவது பாஸ்போர்ட்டில் உள்ள 'இ.சி.ஆர்.' என்ற மூன்றெழுத்துதான்.

மெட்ரிக்குலேஷன் தேறாதவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்வதானால், 1983-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசின் குடிபெயர்வு அனுமதி பெறவேண்டும். 50 வயது கடந்தவர்களுக்கு விலக்கு உண்டு. உறவினரைப் பார்க்கச் செல்வோருக்கோ இந்த அனுமதியே தேவையில்லை. 2007 அக்டோபர் முதல் பாஸ்போர்ட், விசா, திரும்பி வரும் டிக்கெட் ஆகியவை இருந்தால் போதும். 'முத்திரை வாங்கித் தருகிறேன்' என்று பணம் கேட்கும் ஏஜெண்டுக்கு ஒரு காசும் கொடுக்க வேண்டியதில்லை.

அப்படியிருந்தும் விமான நிலையத்தில் அதிகாரிகள் துருவித் துருவிக் கேட்பது ஏன்? விசிட் விசாவில் ஆள் அனுப்பி, அங்கே போனதும் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லும் ஏஜெண்டுகள் இருப்பதே காரணம். அவ்வழியில் போனவருக்குப் பதிவான ஒப்பந்தம் இல்லை. அனுமதி பெற்றுச் செல்வோருக்குரிய 10 லட்சம் ரூபாய்க் காப்பீடும் இல்லை. சம்பளம் நின்றுபோனால் கேட்க நாதியில்லை. அந்தக் குறுக்குவழியால் எழும் சந்தேகம், உண்மையாகவே உறவைக் காணச் செல்பவர் மீதும் விழுகிறது.

ஆகவே, காணச் செல்பவர் திரும்பும் டிக்கெட்டையும், விசா நகலையும், கணவரின் விலாசத்தையும் கைப்பையிலேயே வைத்திருப்பது நல்லது. வேலைக்குச் செல்பவர் வேலை விசாவிலேயே செல்லட்டும். அனுமதி கிடைக்கச் சற்றுத் தாமதமானாலும் பாதகமில்லை.